குவைத்துக்கு அஞ்சரை மணித்தியாலம்

போன கிழமை வனிதா என்னைத் தேடி லயத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை, வந்ததும் வராததுமாக, "ஆயா, குவைத்துக்குப் பிளேன்ல எத்தன மணித்தியாலங்க?" என்று கேட்டாள்.

வனிதா யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்குப் பிறகு வந்த பெண். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. இப்போது அதற்கு நீளமாக ஒரு புதுப் பெயர் வைத்து, நீல வர்ணம் அடித்து, குட்டிக் குட்டி நாற்காலி எல்லாம் போட்டிருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு! நான் போய் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எழும்ப முடியவில்லை. வனிதாவும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துதான் இழுத்து எடுத்தார்கள்.

"எதுக்குடி குவைத்து? போகப் போறியா?" என்றேன்.

"நான் எங்க போறது? ஒரு பையன் வந்து சேந்திருக்கான். அவங்கம்மா போன மாசம் போனாங்க. எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம்னு நச்சரிக்கிறான்."

"ஒன் போனத் தட்டிப் பாரேன்."

தட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போன் சொல்லிவிட்டது. கொழும்பிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், அஞ்சரை மணித்தியாலம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரியாத்தான் சொல்லுது. அது ஏர்போட்டுக்கும் ஏர்போட்டுக்கும் உள்ள கணக்கு. அதுக்கு மேல உள்ள கணக்கு ஒன் போனுக்குத் தெரியாது" என்றேன். வனிதா விடவில்லை. உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிற ஆள். அதனால் சொல்வது நான், எழுதுவது வனிதா. பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

நானும் முதலில் கொழுந்து பறித்தவள்தான். மடுல்சீமைப் பக்கத்து மலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடு ஏறவே யோசிக்கும். ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்து முழங்கால் சில்லு பெயர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மலை ஏற முடியாமல் போயிற்று. அப்போதுதான் பிள்ளைக் காம்பராவில் இருந்த ஆயா மகன் வீட்டோடு போய்விட்டார். தோட்டத்து டொக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "ஒக்காந்து எந்திரிக்க ஏலுமா?" என்று கேட்டார். ஏலும் என்றேன். "புள்ளைங்க அழுதா கோவம் வருமா?" என்றார். "எனக்குப் பெரியவங்க அழுதாத்தான் ஐயா கோவம் வரும்" என்றேன். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. பதுளைக்குக் கூட்டிப்போய் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பாதி சிங்களத்தில் நடந்தது. விளங்கின பாதியை வைத்து வேலையைத் தொடங்கினேன். மற்றப் பாதியைப் பிள்ளைகளே சொல்லித் தந்துவிட்டார்கள்.

வேலை என்ன வேலை தெரியுமா? காலையில் பெரட்டு முடிந்து, அதுதான் யார் யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்பி முடிந்து, தாய்மார் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். இடுப்பில் பிள்ளை, தலையில் கூடை. பிள்ளையை வாங்குகிற கையாலேயே நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சுடுகிறதா என்று. பிறகு காது, பிறகு கால் இடுக்கு. அதற்குப் பிறகுதான் தொட்டில். மேலே கூரை வளையில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று திருவிழாக் கடை மாதிரி. ஒரு பிள்ளையின் தொட்டிலில் இன்னொரு பிள்ளையைப் போடவே கூடாது. அந்தந்தப் பிள்ளைக்கு அவரவர் தாய் கட்டிக் கழித்த சேலைதான். ஏன் என்றால் வாசம். கைப்பிள்ளைக்குக் கண்ணுக்கு முன்னே மூக்குதான் தாயைக் கண்டுபிடிக்கும். கொழுந்துச் சாறும் வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம் அது. வெளியாளுக்குப் பிடிக்காது. பிள்ளைக்கு அதுதான் வீடு.

புதுப் பிள்ளை வந்தால் அதைப் பழக்க ஒரு முறை வைத்திருந்தேன். முதல் நாள் தாயும் கூடவே உட்கார வேண்டும். பிள்ளையைத் தூக்கக் கூடாது, சும்மா உட்கார வேண்டும். அடுத்த நாள் வெளியே போய்விட்டு வர வேண்டும். போனவள் வருவாள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். அதற்கடுத்த நாள் உடுத்தின துணி ஒன்றை விட்டுவிட்டுப் போகலாம். என் காலத்தில் இந்த முறையில் பழகாத பிள்ளை ஒன்றும் இல்லை.

டொக்டர் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் பண்டாரவளைக்காரர். ஒல்லியான ஆள். செவ்வாய்க்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வருவார். வந்தால் உட்கார மாட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டால் அதன்மேல் தொப்பியை வைப்பார், தான் நிற்பார். ஜன்னல் கட்டையில் ஒரு விரலை ஓட்டிப் பார்ப்பார். பால் குடிக்கிற கோப்பையை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடிப்பார். சரியாக இருந்தால் "ம்". சரியில்லை என்றால் அந்த "ம்" கூட இல்லை. ஒரு முறை கோப்பையில் பழைய பால் மணம் இருந்திருக்கிறது. ஒரு சொல் பேசவில்லை மனுசன். கோப்பையைத் தானே தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோய், சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இப்போதும் கோப்பை கழுவும்போது அவர் குனிந்து நின்ற முதுகுதான் எனக்குத் தெரியும்.

சரி, குவைத்துக்கு வருகிறேன்.

செல்வராணி என்று ஒருத்தி. பத்தாம் நம்பர் லயத்து மாரியாயியின் மகள். புருசன் கொழும்பில் கடையில் நிற்கப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். இவள் கைப்பிள்ளையோடு தாய் வீட்டுக்கு வந்தாள். தாய் வீடு என்றால் என்ன, ஒரு காம்பரா. அதற்குள் தம்பி, தம்பி பெண்சாதி, அவர்கள் பிள்ளைகள். மழை பெய்தால் எல்லோரும் ஒரே மூலையில். செல்வராணிக்குத் தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில்தான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பதிந்துவிட்டாள். அப்போதெல்லாம் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று இவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள்.

மகள் பெயர் நிரோசா. பத்து மாதம். இன்னும் பேச்சு வரவில்லை.

போவதற்கு முந்தின நாள் செல்வராணி பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். கையில் ஒரு பழைய சேலை. "தொட்டிலுக்குங்க ஆயா. தொவைக்கல. நீங்களும் தொவைச்சிராதீங்க" என்றாள். வாசல் வரைக்கும் போய் மறுகாவும் திரும்பி வந்தாள்.

"ஆயா, ஆகாசத்துல பிளேன் போச்சுன்னா புள்ளைக்குக் காட்டுங்க. அம்மா அதுலதான் இருக்கான்னு சொல்லுங்க. அப்பத்தான் என்னைய மறக்காது."

"சரி புள்ள, சொல்றேன்" என்றேன்.

சேலையை ஒரு மாதத்துக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. மழைக்காலம். பிள்ளை நனைக்காத நாள் இல்லை. துவைக்காமல் எப்படி? துவைத்துக் காயப்போட்டபோது முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார வாசம்தான் இருந்தது. ஆனால் பிளேன் காட்டுவதை விடவில்லை. காலையில் பத்து மணித் தேத்தண்ணி நேரத்துக்கு எங்கள் மலைக்கு மேலே ஒரு பிளேன் போகும். உயரத்தில் வெள்ளிப் பூச்சி மாதிரி மின்னும். பின்னால் வெள்ளையாக ஒரு கோடு. நான் நிரோசாவைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, "அங்க பாரு, அம்மா!" என்பேன்.

அவள் முதல் முதல் "அம்மா" என்று சொன்னது அந்தப் பிளேனைப் பார்த்துத்தான்.

நான் சந்தோசத்தில் குதித்தேன். கால் சில்லு வலித்தது, அது வேறு கதை. கொஞ்ச நாளில் எல்லாப் பிள்ளைகளும் இந்த விளையாட்டில் சேர்ந்துவிட்டன. பிளேன் சத்தம் கேட்டால் போதும், நடக்கிறது, தவழ்கிறது எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். எல்லாம் ஒரே குரலில் "அம்மா, அம்மா" என்று கத்தும். ஒரு பையனின் தாய் அடுத்த மலையில்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். "டேய் மடையா, நான் இங்கடா இருக்கேன்! அங்க எவளடா கூப்புட்ற?" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். மலை முழுக்கச் சிரிப்பு.

டொக்டர் ஐயா வந்த ஒரு நாள் பிளேன் போனது. அவரும் வெளியே வந்து, நெற்றிக்குக் கை கொடுத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று மேலே பார்த்தார். நான் துணிந்து கேட்டேன்.

"ஐயா, குவைத்துல இருந்து கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு எவ்வளவு நேரங்க?"

"அஞ்சரை மணித்தியாலம்."

"அவ்வளவுதானா?"

"ம்."

எனக்கு நம்பவே முடியவில்லை. அஞ்சரை மணித்தியாலம் என்றால் என்ன? காலைப் பெரட்டு நேரத்தில் பிளேன் ஏறினால், மலையில் பகல் கொழுந்து நிறுத்து முடிகிற நேரத்துக்கு இறங்கிவிடலாம். இங்கிருந்து பதுளைக்குப் போய், அங்கிருந்து கொழும்பு பஸ் பிடித்துப் போக அதைவிடக் கூட நேரமாகும். லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். குவைத்து கிட்டத்தான், கொழும்பைவிடக் கிட்ட என்று. மாரியாயி அடுப்பை ஊதிக்கொண்டே, "அவ்வளவு கிட்டன்னா மகளச் சாயந்தரம் ஒரு எட்டு வந்து புள்ளைக்குப் பேன் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். வாய்க்காரி அவள்.

இரண்டு வருசத்தில் வருவேன் என்று போன செல்வராணிக்கு அந்த வீட்டு மேடம் லீவு கொடுக்கவில்லை. மூன்று வருசத்துக்கு மேலாகிவிட்டது. போன் பேசுவாள். மாரியாயி போனைப் பிள்ளையின் காதில் வைத்தால், நிரோசா ஒரு நிமிசம் கேட்பாள், பிறகு போனைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். ஆனால் பிளேனை ஒரு நாள் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதுகூட என்னைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். நான்கு வயது நடந்தபோதுதான் செல்வராணிக்கு லீவு கிடைத்தது. இரண்டு மாதம்.

அவள் வந்த அன்றைக்கு நிரோசாவுக்குத் தலை சீவி, பூச் சட்டை போட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு நானே கூட்டிப் போனேன். "அம்மா வர்றாங்க" என்று சொன்னதிலிருந்து பிள்ளை கழுத்தை இறக்கவே இல்லை. ஆகாசத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வராணி பிளேனை விட்டு இறங்கியது முந்தின நாள் காலையில். பதுளைக்கு வந்து சேர இருட்டிவிட்டது. எங்கள் பக்கம் வருகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பதுளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கிடந்துவிட்டு அடுத்த நாள் பஸ் ஏறி வந்தாள். குவைத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு அஞ்சரை மணித்தியாலம். கட்டுநாயக்காவிலிருந்து மகளிடம் வர ஒரு நாளுக்கு மேல்.

பஸ் வந்து நின்றது. செல்வராணி இறங்கினாள். வெள்ளையாகிவிட்டிருந்தாள், சதையும் போட்டிருந்தாள். நீளமான சட்டை, தோளில் கறுப்புப் பை. கிட்ட வந்ததுமே அத்தர் வாசம். மகளைப் பார்த்ததும் பையை நடு ரோட்டில் போட்டுவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

நிரோசா என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இவங்க யாரு ஆயா?"

"அம்மாடி. போ, அம்மாகிட்டப் போ."

"அம்மா பிளேன்லதான் வருவாங்க. இவங்க பஸ்ல வந்தாங்க."

பஸ் கொண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். செல்வராணியும் முழங்காலில் இருந்தபடியே சிரித்தாள். சின்னப் பிள்ளைப் பேச்சு, பொழுது சாய்வதற்குள் மடியில் ஏறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஏறவில்லை.

அழுது புரண்டாலாவது பரவாயில்லை, ஒரு வழி பார்க்கலாம். நிரோசா அழவே இல்லை. வெகு மரியாதையாக நடந்துகொண்டாள். செல்வராணிக்கு "பஸ் அக்கா" என்று பெயர் வைத்தாள். பஸ் அக்கா கொடுத்த சொக்லட்டை வாங்கிக்கொண்டாள். பஸ் அக்கா கொண்டுவந்த பொம்மையை எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். இராத்திரிக்கு மாரியாயியிடம் படுத்துக்கொண்டாள். பிளேன் சத்தம் கேட்ட ஒரு நாள், செல்வராணியின் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்து, "பாருங்க பஸ் அக்கா, எங்கம்மா போறாங்க! கை காட்டுங்க!" என்றாள்.

செல்வராணி என்ன செய்வாள்? கை காட்டினாள்.

பிறகு என் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னாள். "ஆயா, நான் வந்த பிளேன் இந்தப் பக்கமே வரலீங்க. ஜன்னல் ஓரமாத்தான் இருந்தேன். நம்ம மலை தெரியுமா, தெரியுமான்னு பாத்துக்கிட்டே வந்தேன். கடலுதான். கடலு முடிஞ்சு தென்னைமரம் தெரிஞ்ச ஒடனே எறக்கிட்டான். மலைப் பக்கம் வர்ற வேலையே இல்லைங்க அதுக்கு."

"அப்ப இது எங்க இருந்துடி வருது?"

"யாருக்குத் தெரியும்? சிங்கப்பூரோ என்னவோ. என்னோட புள்ள இத்தன வருசமா சிங்கப்பூர்க்காரனுக்குக் கை காட்டியிருக்கு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை டொக்டர் ஐயாவைப் பிடித்தேன். "ஐயா, இது குவைத்துப் பிளேன் இல்லையாமே. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் ஐயா சொல்லல?"

கோப்பையை மூக்கிலிருந்து எடுத்தார். "கை காட்டுறதுக்கு ஏதாவது ஒண்ணு வேணுமேன்னு நெனச்சேன்" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

நான் சும்மா இருக்கிற ஆளா? என் கையில்தான் முறை இருக்கிறதே. இத்தனை பிள்ளைகளைப் பழக்கியவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று இறங்கிவிட்டேன். ஆனால் இந்த முறை பழக்க வேண்டியது பிள்ளையை இல்லை, தாயை. செல்வராணியைப் புதுப் பிள்ளை மாதிரி நினைத்துக்கொண்டேன். "அந்த அத்தரக் கொண்டுபோய் ஆத்துல கொட்டு. ஒங்கம்மா சேலையக் கட்டு. தலைக்குத் தேங்காயெண்ணெ வை" என்றேன். எல்லாம் செய்தாள். பிள்ளைக் காம்பரா மூலையில் பாய் போட்டு உட்கார வைத்தேன். "கூப்புடாத. தூக்காத. சும்மா இரு. அதுவா வரட்டும்" என்றேன். உட்கார்ந்திருந்தாள். கங்காணியிடம் சொல்லி, மாரியாயிக்குப் பதிலாகக் கொழுந்துக்கும் அனுப்பினேன். குவைத்தில் மெத்தென்று ஆகிவிட்ட கை, இரண்டு நாளில் கீறி இரத்தம் வந்துவிட்டது. அந்தக் கையோடு, கொழுந்துச் சாற்று வாசத்தோடு, பகல் நேரத்தில் மற்றத் தாய்மாரோடு தாயாக வந்து பாயில் உட்காருவாள்.

பலன் இல்லாமல் இல்லை. முதலில் பாய்க்கு அந்தப் பக்கம் வந்து விளையாடினாள் நிரோசா. பிறகு பாயில் ஏறினாள். ஒரு நாள் தன் பால் கோப்பையைக் கொண்டுவந்து "பஸ் அக்கா, ஒரு வாய் குடிங்க" என்று நீட்டினாள். இன்னொரு நாள் பகல் தூக்கம் செல்வராணியின் மடியில். பிள்ளை தூங்கிய நேரம் முழுக்கச் செல்வராணி அசையவில்லை. ஒரு ஈ வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. அதைக்கூட விரட்டவில்லை. பிள்ளை விழித்ததும் யார் மடி என்று பார்த்தது, எழும்பி என்னிடம் ஓடி வந்துவிட்டது.

டொக்டர் ஐயா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார். "அவசரப்படாத. இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்" என்றார் செல்வராணியிடம்.

எங்கே இருக்கிறது இரண்டு மாதம்? இருந்தது இரண்டு கிழமை. மேடத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். சொன்ன நாளுக்கு வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே வீட்டுக்கு அத்திவாரம் போட்டு, முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழும்பி நின்றது. அவள் அந்தச் சுவரில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டாள். "நின்னா இத்தன வருசமும் வீணுங்க ஆயா. இந்தச் சொவத்துல ஆடுதான் படுக்கும். போனா புள்ள வீணு. நான் என்னா செய்ய? நீங்க சொல்லுங்க. நின்னுருன்னு சொல்லுங்க, நின்னுர்றேன்."

நின்றுவிடு என்று சொல்லி, நாளைக்கு அந்தப் பிள்ளையும் ஒரே காம்பராவில் ஒன்பது பேரோடு நனைந்தால்? போ என்று எப்படிச் சொல்வது?

மாரியாயிதான் சொன்னாள். "போ. எங்கம்மா நான் தவழறப்பவே செத்துட்டா. அம்மான்னு யாரக் கூப்புட்டேன் நான்? வளரலையா? கூப்புடாட்டி ஒண்ணும் கொறைஞ்சிராது." சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

போகிற நாளில் ஏஜென்சிக்காரன் வான் கொண்டுவந்தான். பசறையிலும் பதுளையிலும் ஏற்றி, எல்லாமாக ஏழெட்டுப் பெண்கள். செல்வராணி, "கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே போறேங்க ஆயா, புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். நான் இல்லாமல் பிள்ளை வராது. அதனால் நானும் ஏறினேன். எனக்கு ஏர்போட் பார்க்கிற ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன். வழி நெடுக நிரோசா என் மடியில். செல்வராணி பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை தூங்கும்போது இறுக்கிப் பிடிப்பாள், விழித்தால் கையைத் தளர்த்திவிடுவாள்.

கட்டுநாயக்காவில் இறங்கினோம். இறங்கின நேரம் தலைக்கு மேலே ஒரு பிளேன், கையை நீட்டினால் தொடலாம் போல, காலைக் கீழே போட்டுக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு நான் அப்படியே குந்திவிட்டேன். வாயில் வந்தது மாரியாத்தா பெயர். நிரோசா பயப்படவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"ஆயா, பிளேன் இவ்வளவு பெருசா?"

"ஆமாண்டி."

"அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"நெறைய இருக்காங்க."

உள்ளே போகிற வாசலில் இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். டிக்கட் உள்ளவர்கள் மட்டும்தான் அதைத் தாண்டலாம். ஏஜென்சிக்காரன் பெண்களை வரிசையில் நிற்க வைத்தான். எங்கள் வான் பெண்கள் மட்டும் இல்லை, வேறு வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களும் நின்றார்கள். பெரிய வரிசை. சிங்களப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், எங்கள் பிள்ளைகள். எல்லோர் கழுத்திலும் ஒரே மாதிரி அட்டை. கம்பிக்கு இந்தப் பக்கம் எல்லோருடைய வீட்டாரும். செல்வராணி கிட்ட வந்து, நிரோசாவை முத்தமிடக் குனிந்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பியது. சரி என்று பாதத்தை எடுத்துக் கன்னத்தில் ஒரு தடவை வைத்துக்கொண்டாள். "ஆயா, பாத்துக்குங்க" என்றாள். போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

வரிசை நகர்ந்தது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது.

"பஸ் அக்கா எங்க ஆயா போறாங்க?" என்றாள் நிரோசா.

"பிளேனுக்கு."

"பிளேனுக்குள்ளயா?"

"ஆமா. பிளேனுக்குள்ளதான் இருக்கப் போறாங்க."

பிள்ளை செல்வராணியின் முதுகையே பார்த்தது. என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. நகம் பதிந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு என் காதுக்குக் கிட்ட, எங்கள் மலையில் பிளேனைப் பார்த்துக் கத்துகிற அதே சத்தத்தில், "அம்மா!" என்று கூப்பிட்டாள்.

வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி விடாமல். சிங்களப் பெண்களும் திரும்பினார்கள். எல்லோரும் யாரோ ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே. கம்பிக்கு இந்தப் பக்கம் தங்கள் பிள்ளையைத் தேடினார்கள்.

செல்வராணி ஒருத்திதான் திரும்பவில்லை. அவளை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தன்னைத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பையைத் தூக்கித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் "செல்வராணி, ஏய் செல்வராணி" என்று கத்திக்கொண்டு கம்பிக்குக் குறுக்கே கையை நீட்டினேன். காவலுக்கு நின்ற பையன் "அம்மே, எஹாட்ட யன்ன" என்று சிங்களத்தில் தள்ளிப் போகச் சொல்லி என்னைப் பின்னால் தள்ளினான். கண்ணாடிக் கதவு மூடிவிட்டது.

ஒரு கிழமை கழித்துச் செல்வராணி போன் எடுத்தாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். புள்ள கூப்பிட்டது, ஒன்னையத்தான் கூப்பிட்டது, பிளேனை இல்லை, ஒன் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டது என்று.

அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுப் பிள்ளை எதற்கோ அழுகிற சத்தம் கேட்டது.

"எம் மனசு ஆறணும்னு சொல்றீங்க ஆயா" என்றாள்.

"மாரியாத்தா மேல சத்தியம்டி. நான் ஏன் பொய் சொல்றேன்?"

"போங்க ஆயா. கூப்புட்டிருந்தா எனக்குக் கேக்காமலா போயிருக்கும்?"